இ-இங்க் ஒரு பக்கம், டேப்லெட் மறுபக்கம்: அந்த இரட்டைத் திரைக் கருவி ஏன் நிலைக்கவில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்காக நாள் முழுவதும் பிடிஎஃப் படிக்கிறீர்கள், லேப்டாப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. இடது பக்கம் அமேசானின் கிண்டில் படிப்பானில் இருப்பது போன்ற, காகிதம் போலத் தோன்றும் இ-இங்க் திரை, வலது பக்கம் சாதாரண டேப்லெட் என்று புத்தகம் போல விரியும் கருவி ஒன்று 2010 வாக்கில் வந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அது ஏன் இப்போது கிடைப்பதில்லை, வெளிநாட்டு விற்பனைத் தளத்தில் பழையது ஒன்று மலிவாக இருக்கிறதே, வாங்கலாமா? வாங்க வேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. படிக்கும் பக்கம் காகிதம் போல இதமாக இருக்க வேண்டும், படிக்கும்போதே பக்கத்தில் அகராதியோ மேற்கோள் கட்டுரையோ வண்ணப் படமோ திறக்க வேண்டும், இரண்டும் ஒரே கருவியில் இருக்க வேண்டும் என்று மூன்று ஆசைகளைச் சேர்த்துக் கேட்கிறீர்கள். முதல் இரண்டும் நியாயமானவை. மூன்றாவதுதான் இந்த வகைக் கருவிகளைக் கவிழ்த்தது என்பது என் கருத்து.

கையடக்கக் கருவிகளின் திரைகளை இயக்கும் மென்பொருள் எழுதுவது என் தொழில். லேப்டாப்பிலும் டேப்லெட்டிலும் ஒளிரும் எல்சிடியும் பார்த்திருக்கிறேன், இ-இங்கும் பார்த்திருக்கிறேன். ஆகவே திரை, பேட்டரி, வேகம் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். அந்த நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஏன் மூடினார்கள் என்பதில் கொஞ்சம் என் ஊகமும் கலந்திருக்கும். கண் மருத்துவனும் இல்லை.

நீங்கள் கேள்விப்பட்ட கருவியின் பெயர் எட்ஜ். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருந்த ஆன்டுராஜ் சிஸ்டம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2009-ல் அறிவித்து, 2010 மார்ச் வாக்கில் விற்பனைக்கு அனுப்பியது. இடது பக்கம் 9.7 அங்குல இ-இங்க் திரை. அதில் பேனாவால் எழுதலாம், வரிகளுக்கு அடிக்கோடு போடலாம், ஓரத்தில் குறிப்பு எடுக்கலாம். வலது பக்கம் 10.1 அங்குல வண்ண எல்சிடி தொடுதிரை, ஆண்ட்ராய்டு இயங்குதளம். நடுவில் கீல். எல்சிடி பக்கத்தைப் பின்னால் முழுக்க மடக்கிவிட்டுப் படிக்கும் பக்கத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொள்ளவும் முடியும். விலை 499 டாலர்.

இதைக் கேலி செய்து எழுதியவர்கள் நிறைய. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. இரண்டு திரைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்பது அதில் இருந்த உண்மையான புதுமை. மின்னூலில் இருக்கும் இணைய இணைப்பைத் தொட்டால் வலது பக்க உலாவியில் திறக்கும். கறுப்பு வெள்ளையில் தெரியும் படத்தை வலது பக்கம் அனுப்பி வண்ணத்தில் பார்க்கலாம். படித்த இடம் இடது பக்கம் அப்படியே இருக்கும், நகராது. ஆய்வு செய்பவருக்கு இதன் அருமை தெரியும். மேற்கோளைத் தேடிப் போய், திரும்பி வரும்போது எந்தப் பத்தியில் இருந்தோம் என்று தொலைத்துவிட்டு நிற்பதுதானே நம் அன்றாடத் தொல்லை. பாடப்புத்தகம், மாணவர், கல்லூரி என்றுதான் அந்த நிறுவனமும் குறி வைத்தது. யோசனையில் குற்றம் இல்லை.

குற்றம் எடையில் தொடங்கியது. எட்ஜ் ஏறத்தாழ 3 பவுண்டு, அதாவது 1.36 கிலோ. அது கடைக்கு வந்த கையோடு, 2010 ஏப்ரல் 3 அன்று ஆப்பிளின் முதல் ஐபேட் விற்பனைக்கு வந்தது. அதன் தொடக்க விலையும் அதே 499 டாலர், எடை 680 கிராம். அப்போது கிடைத்த பெரிய கிண்டிலான டிஎக்ஸ், எட்ஜில் இருந்த அதே 9.7 அங்குல அளவு இ-இங்க் திரையோடு, 536 கிராம். கூட்டிப் பாருங்கள். ஐபேடும் கிண்டில் டிஎக்ஸும் சேர்ந்து 1,216 கிராம்தான் வருகிறது. இரண்டையும் ஒரே கருவியாக ஒட்டியது, தனித்தனியாக இரண்டையும் பையில் போட்டுக்கொள்வதைவிட எடை கூடுதல்! தனித்தனிக் கருவி என்றால் படிக்கும்போது டேப்லெட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். ஒட்டிய கருவியில் படுத்துக்கொண்டு நாவல் படித்தாலும் மொத்தத்தையும் தூக்கித்தான் ஆக வேண்டும். விலை காரணம் என்று சிலர் சொல்வது தவறு. டிஎக்ஸ் அப்போது 489 டாலர். இரண்டையும் தனியாக வாங்கினால் ஆயிரம் டாலரைத் தொடும். விலையில் எட்ஜ் பாதிதான். பாதி விலைக்குக் கொடுத்தும் போகவில்லை என்பதிலிருந்து எடையும் மற்றவையும் எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று கணக்குப் போடலாம்.

அந்த ‘மற்றவை’யில் முதலாவது பேட்டரி. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இரட்டைத் திரை என்றதும் எல்லோரும் தவறாக எடைபோடும் இடம் இதுதான். இ-இங்க் திரைக்குள் முடியளவே பருமனுள்ள நுண்குமிழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. சுமார் 15 வோல்ட் அழுத்தத்தை ஒரு திசையில் கொடுத்தால் வெள்ளை மேலே வரும், எதிர்த்திசையில் கொடுத்தால் கறுப்பு மேலே வரும். மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும் துகள் வந்த இடத்திலேயே நிற்கும். பக்கம் மாறும் அந்த ஒரு நொடிக்குத்தான் திரைக்கு மின்சாரம் தேவை. கிண்டில் வாரக்கணக்கில் ஓடுவதற்கு இதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, நீங்கள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடமும் கருவியின் மையச் செயலியும் (பிராசசர்) நினைவகமும் ஏறத்தாழ முழுத் தூக்கத்தில் இருக்கின்றன என்பது. பொத்தானைத் தொட்டதும் விழித்து, அடுத்த பக்கத்தை வரைந்து, மறுபடி தூங்கிவிடும். எங்கள் வேலையில் பாதி நேரம், எது அதைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தேடுவதிலேயே போகும்.

இப்போது பக்கத்தில் ஒரு எல்சிடியை வையுங்கள். அதன் பின்விளக்கு எரிய வேண்டும், படம் நொடிக்குப் பலமுறை புதுப்பிக்கப்பட வேண்டும், வைஃபை காத்திருக்க வேண்டும், மின்னஞ்சல் வந்ததா என்று ஆண்ட்ராய்டு அவ்வப்போது எழுந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் மூளை ஒன்றே. வலது பக்கம் விழித்திருந்தால் இடது பக்கத்தின் சிக்கனம் செல்லாக்காசு. எட்ஜ் நிறுவனமே சொன்ன கணக்கு: படிக்கும் பக்கத்தை மட்டும் பயன்படுத்தினால் சுமார் 16 மணி நேரம், எல்சிடியும் சேர்ந்தால் 6 மணி நேரம். அதே காலத்துக் கிண்டில் ஒரு சார்ஜில் வாரத்தைத் தாண்டியது, ஐபேட் 10 மணி நேரம் ஓடியது. அதாவது படிப்பானாகப் பார்த்தாலும் தோல்வி, டேப்லெட்டாகப் பார்த்தாலும் தோல்வி.

இரண்டாவது சங்கதி வெளிச்சம். இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, ஆனால் மேசையில் இரண்டு வகைத் திரையையும் பக்கம் பக்கமாக வைத்து வேலை செய்பவர்கள் முதல் நாளே உணர்வார்கள். இ-இங்க் மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் திரை. எல்சிடி தன் பின்விளக்கால் ஒளிவிடும் திரை. ஜன்னலோரம் வெயில் அடித்தால் இடது பக்கம் பளிச்சென்று இருக்கும், வலது பக்கம் வெறும் கண்ணாடியாகி நம் முகத்தைக் காட்டும். இரவில் மங்கலான அறையில் வலது பக்கம் கண்ணைக் குத்தும், இடது பக்கம் சாம்பல் பூசினாற்போல் இருண்டு கிடக்கும். எட்ஜில் இ-இங்க் பக்கத்துக்கு முன்விளக்கு, அதாவது திரையின் மேல் ஒளி விழும்படி விளிம்பில் வைக்கும் விளக்கு, கிடையாது; மின்னூல் படிப்பான்களில் அந்த விளக்கு பரவலானதே 2012-க்குப் பிறகுதான். இரண்டும் ஒருசேரக் கண்ணுக்கு இதமாக அமையும் வெளிச்சம் நல்ல குழல்விளக்கு எரியும் அலுவலக அறை போன்ற சில இடங்களில்தான் கிடைக்கும். கண் ஒரு திரைக்குப் பழகி முடிப்பதற்குள் மற்றதுக்குத் தாவ வேண்டியிருந்தால், எந்த இதத்துக்காக இ-இங்க் வாங்கினோமோ அதுவே போய்விடுகிறது.

அப்புறம் வேகம். இ-இங்க் பக்கம் ஒரு முழுப் பக்கத்தை மாற்ற அன்றைக்கு அரை நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டது, மாறும்போது ஒருமுறை கறுத்து வெளுக்கும். அப்படிச் செய்யாவிட்டால் முந்தைய பக்கத்தின் நிழல் தங்கிவிடும். எந்தச் சாம்பல் நிறத்திலிருந்து எந்தச் சாம்பல் நிறத்துக்குப் போக எவ்வளவு நேரம் எந்தத் திசையில் மின்னழுத்தம் கொடுப்பது என்று ஒரு அட்டவணையே உண்டு; அறையின் வெப்பநிலைக்கு ஏற்ப அட்டவணையும் மாறும். தனியாக வாங்கினால் இதை ஒரு குணம் என்று ஏற்றுக்கொள்வோம். பக்கத்திலேயே விரலோடு ஓடும் திரை ஒன்று இருந்தால் மனம் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். எட்ஜ் ஆண்ட்ராய்டு 1.6 பதிப்போடு வந்தது. அது போனுக்கென்று செய்த பதிப்பு, டேப்லெட்டுக்கு அல்ல. கூகுளின் செயலிக் கடையும் அதில் இல்லை. தமிழில் படிக்க நினைத்தவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்தக் காலத்து ஆண்ட்ராய்டில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் வரும். எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் மட்டும்தான் தப்பிக்கும்.

2010 இறுதியில் பாக்கெட் எட்ஜ் என்று சின்னது ஒன்றையும் விட்டார்கள், 6 அங்குல இ-இங்கும் 7 அங்குல எல்சிடியுமாக, 399 டாலருக்கு. என்னைக் கேட்டால் அதுதான் இரண்டில் புத்திசாலித்தனமான கருவி. ஆனால் நேரம் கடந்துவிட்டது. 2011-ல் கடை மூடப்பட்டது. ஐபேடா, கிண்டிலின் விலை வேகமாகக் குறைந்ததா, முதலீடு தீர்ந்ததா, எது கடைசி அடி என்பது ஊகம்தான். மூன்றும் சேர்ந்திருக்கலாம்.

ஊகம் அல்லாத சான்று ஒன்று இருக்கிறது. எட்ஜைவிட இதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். 2009 அக்டோபரில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற பெரிய அமெரிக்கப் புத்தகக் கடை நிறுவனம் நூக் என்ற படிப்பானை 259 டாலருக்கு அறிவித்தது. அதிலும் இரண்டு திரை. மேலே 6 அங்குல இ-இங்க், கீழே 3.5 அங்குல அகலவாட்டில் சின்ன வண்ணத் தொடுதிரை. அட்டைப் படங்களைத் தள்ளிப் பார்க்க, பட்டியல் திறக்க, தட்டச்சு செய்ய அந்தக் கீழ்த்திரை. கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஸ்பிரிங் டிசைன் என்ற நிறுவனம் அலெக்ஸ் என்று இதே அமைப்பில் ஒன்றை அறிவித்து, எங்கள் வடிவத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்கும் போட்டது, 2011-ல் சமரசமானது. நான் சொல்ல வந்தது வழக்கை அல்ல. நூக் நன்றாக விற்ற கருவி. பணமும் கடைகளும் வாடிக்கையாளரும் உள்ள நிறுவனம். இரண்டு திரை மக்களுக்குப் பிடித்திருந்தால் அதைத்தான் வளர்த்திருப்பார்கள். என்ன செய்தார்கள்? 2010 நவம்பரில் முழுக்க எல்சிடியான நூக் கலரைக் கொண்டுவந்தார்கள். 2011 ஜூனில் முழுக்க இ-இங்கான நூக் சிம்பிள் டச் வந்தது. கீழே இருந்த வண்ணத் துண்டை எடுத்துவிட்டு, இ-இங்க் திரையின் விளிம்பில் அகச்சிவப்புக் கதிர் ஓடவிட்டு அதையே தொடுதிரையாக்கினார்கள். ஒட்டியிருந்த இரண்டையும் இரண்டே ஆண்டுக்குள் அவர்களே வெட்டிப் பிரித்துத் தனித்தனியாக விற்றுவிட்டார்கள்.

யோசனை அதோடு செத்துவிடவில்லை, இடம் மாறியது. 2013 டிசம்பரில் ரஷ்யாவின் யோட்டா நிறுவனம் முன்பக்கம் எல்சிடி, முதுகில் இ-இங்க் என்று போன் விட்டது. அடுத்த ஆண்டு அதன் இரண்டாம் பதிப்பு இன்னும் நேர்த்தியாக வந்தது. முதுகோடு முதுகு என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. நீங்கள் கேட்கும் காரியத்துக்கு ஆகாது. 2019-ல் அந்த நிறுவனம் திவாலானது. சீனாவின் ஹைசென்ஸும் இதே அமைப்பில் போன்கள் செய்து பார்த்துவிட்டு, அதே 2019-ல் ஏ5 என்ற பெயரில் இ-இங்க் திரை மட்டும் உள்ள போனுக்குப் போனது. நூக் கதையேதான். லேப்டாப் நிறுவனமான லெனோவோவுக்குத்தான் இதில் ஆசை விடவில்லை. 2018-ல் யோகா புக் சி930, ஒரு பக்கம் 10.8 அங்குல எல்சிடி, மறுபக்கம் அதே அளவு இ-இங்க். இ-இங்க் பக்கம் விசைப்பலகையாகவும் எழுதும் தாளாகவும் பிடிஎஃப் படிப்பானாகவும் மாறும். எட்ஜின் நேர் வாரிசு என்று சொல்லத்தக்கது இதுதான். 2020-ல் மூடியின் வெளிப்பக்கம் இ-இங்க் பதித்த திங்க்புக் பிளஸ், 2023-ல் சுழலும் மூடியில் ஒரு பக்கம் 13.3 அங்குல ஓஎல்இடி, மறுபக்கம் 12 அங்குல வண்ண இ-இங்க் வைத்த டுவிஸ்ட். எல்லாம் விண்டோஸ் லேப்டாப்கள், விலையும் லேப்டாப் விலை. எட்ஜைவிட இவை அர்த்தமுள்ளவை என்றே சொல்வேன். லேப்டாப் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல்தான், எப்படியும் தினமும் சார்ஜ் போடுவோம். கூடுதல் திரையால் புதிதாக இழப்பது குறைவு. ஆனாலும் அதைக் கையில் பிடித்து 300 பக்கம் படிக்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

இரண்டு திரையை ஒட்டுவதற்குப் பதிலாக ஒரே திரையை இரண்டு விதமாக நடந்துகொள்ள வைப்பது வேறொரு வழி. ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கென்று 2007-ல் வந்த ‘குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ திட்டத்தின் பச்சை வெள்ளை லேப்டாப் நினைவிருக்கிறதா? அதன் திரை வீட்டுக்குள் வண்ணத்தில் ஒளிரும். வெயிலில் பின்விளக்கை அணைத்தால் கறுப்பு வெள்ளையில் கூர்மையாகத் தெரியும். அதை வடிவமைத்த மேரி லூ ஜெப்சன் பிறகு பிக்சல் கீ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தத் திரையைப் போட்டுத்தான் பெங்களூரின் நோஷன் இங்க் நிறுவனம் ஆடம் என்ற டேப்லெட்டைச் செய்தது. நம் ஊர்ப் பக்கம் இருந்து இந்தப் போட்டியில் இறங்கிய கருவி என்பதால் அன்று பலரும் அதை ஆவலாகப் பார்த்தோம். அதுவும் நிலைக்கவில்லை. சிப் நிறுவனமான குவால்காம், பட்டாம்பூச்சி இறகு போல ஒளி அலைகளை ஒன்றோடொன்று குறுக்கிடவிட்டு வண்ணம் காட்டும் மிராசால் திரையோடு 2011 இறுதியில் கொரியாவில் ஒரு படிப்பானைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே கைவிட்டது. 2024-ல் அமெரிக்காவின் டேலைட் நிறுவனம் வெயிலில் படிக்கக்கூடிய 10.5 அங்குலக் கறுப்பு வெள்ளை எல்சிடி டேப்லெட்டை 729 டாலருக்கு விட்டது. சாதாரண எல்சிடி வேகத்தில் ஓடும், வெயிலில் தெளிவாகத் தெரியும், வண்ணம் இல்லை. தொழில்நுட்பமாக எனக்கு மிகவும் பிடித்த பாதை இது. விலைதான் இடிக்கிறது.

கண் விஷயத்துக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லத்தக்கவை கொஞ்சம்தான். வெளியில், வெயிலில், இ-இங்க் படிக்க எளிது. இதில் விவாதமே இல்லை. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைகிறது, கண் உலர்கிறது, எரிச்சல் வருகிறது. இதுவும் நன்றாக நிறுவப்பட்டது. ஆனால் சிமிட்டல் குறைவது எதைக் கூர்ந்து படித்தாலும் நேர்வதுதான். இ-இங்க் வாங்கினால் அது முற்றாகத் தீரும் என்று யாரும் உறுதி தர முடியாது. இரவில் ஒளிரும் திரையில் படித்தால் தூக்கம் தள்ளிப்போகும் என்று 2014 இறுதியில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் 12 பேர், ஒளியை முழு அளவில் வைத்து, படுக்கும் முன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் படித்தார்கள், ஒப்பிட்டது மங்கலான வெளிச்சத்தில் படித்த அச்சுப் புத்தகத்தோடு. நாம் அப்படிப் படிப்பதில்லை. இ-இங்க், எல்சிடி இரண்டில் கண் எதில் அதிகம் களைக்கிறது என்று நேராக ஒப்பிட்ட ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன. சிலவற்றில் எல்சிடியில் களைப்பு கூடுதல், சிலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் இ-இங்கில்தான் படிக்கிறேன், எனக்கு இதமாக இருக்கிறது. அதை அறிவியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எரிச்சல் தொடர்ந்தால் புதுக் கருவிக்கு முன் கண் டாக்டரைப் பாருங்கள்; கண்ணாடி எண் மாறியதற்குத் திரையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

பழைய எட்ஜை ஏன் வாங்கக் கூடாது என்பதற்குக் காரணம் சுருக்கமானது. பத்தாண்டு தாண்டிய லித்தியம் பேட்டரி செத்திருக்கும், அல்லது உப்பியிருக்கும். அதற்கென்று செய்த பேட்டரி என்பதால் மாற்று கிடைப்பது கடினம். அந்தக் காலத்து உலாவிக்கு இன்றைய இணையதளங்கள் கேட்கும் பாதுகாப்பு நெறிமுறை தெரியாது. பெரும்பாலான தளங்கள் திறக்கவே திறக்காது. ஆக வலது பக்கம் வெறும் கண்ணாடி. இடது பக்கத்துக்காக மட்டும் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் சுமப்பானேன்? சேகரிப்பாளர் என்றால் வாங்கி அலமாரியில் வையுங்கள், நல்ல பொருள்.

அப்படியானால் என்ன செய்வது? உங்கள் இடத்தில் நான் இருந்தால், பேனாவோடு வரும் 10.3 அங்குல ஆண்ட்ராய்டு இ-இங்க் டேப்லெட் ஒன்றை வாங்குவேன். எல்சிடி பக்கமாக ஏற்கெனவே கையில் இருக்கும் போனையோ லேப்டாப்பையோ வைத்துக்கொள்வேன். எட்ஜ் செய்த அந்த நல்ல காரியத்தை இன்றைய உலாவிகளே செய்கின்றன. குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ, இரண்டு கருவியிலும் ஒரே உலாவியில் ஒரே கணக்கோடு நுழைந்திருந்தால், ஒரு கருவியில் திறந்த பக்கத்தை இன்னொரு கருவிக்கு அனுப்பலாம். ஒரு தொடுதலுக்குப் பதில் இரண்டு மூன்று தொடுதல் ஆகும், அவ்வளவுதான். பதிலுக்கு எடை பிரிகிறது, பேட்டரி பிரிகிறது, போன் பழையதானால் போனை மட்டும் மாற்றலாம்.

ஏன் 10.3 அங்குலம் என்றால், நம் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதி டெமி அளவு, அதாவது ஏறத்தாழ எட்டரைக்கு ஐந்தரை அங்குலம். அதன் மூலைக்கு மூலை நீளம் 10 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும். ஆகவே ஸ்கேன் செய்த டெமி புத்தகம் 10.3 அங்குலத் திரையில் கிட்டத்தட்ட அச்சில் இருந்த அளவிலேயே உட்காரும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்தோ, ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளத்திலிருந்தோ எடுத்துப் படிப்பவர் என்றால் இது பெரிய நிம்மதி. அவற்றில் பெரும்பாலானவை பக்கத்தைப் படமாகப் பிடித்த கோப்புகள், எழுத்தைப் பெரிதாக்கி ஓடவிட முடியாதவை. 6 அங்குலக் கிண்டிலில் அவற்றைப் படிப்பது தண்டனை. ஏ4 அளவு ஆய்வுக் கட்டுரைகள்தான் அதிகம் என்றால் 13.3 அங்குலம் பாருங்கள். விலை நன்றாகவே ஏறும். சின்னத் திரையோடு சமாளிக்க வேண்டியிருந்தால் கேஓரீடர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். அது பக்கப் படத்தில் சொற்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் பார்த்து வெட்டி, திரைக்கு ஏற்றபடி மறுபடி அடுக்கும். எழுத்தை அறிய முயலாது என்பதால் தமிழுக்கும் வேலை செய்யும், வரிகள் நெருங்கி அடித்த பழைய பதிப்புகளில் மட்டும் குழம்பும்.

வண்ண இ-இங்க் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இப்போது அதிகம் கிடைக்கும் கலீடோ 3 வகையில், கறுப்பு வெள்ளைத் திரைக்கு மேல் வண்ண வடிகட்டி ஒன்றைப் போர்த்தியிருக்கிறார்கள். கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் 150 புள்ளிதான், வண்ணங்களும் 4,096 மட்டும். வடிகட்டி வெளிச்சத்தைத் தின்பதால் பின்னணி கொஞ்சம் கறுத்தே இருக்கும். வீட்டுக்குள் முன்விளக்கைப் போட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கும். வரைபடமும் நிறம் பிரித்த அடிக்கோடும் உங்கள் வேலைக்கு முக்கியம் என்றால் வாங்குங்கள். எழுத்து மட்டும்தான் என்றால் கறுப்பு வெள்ளையே தெளிவு.

வாங்குவதற்கு முன் முடிந்தால் யாரிடமாவது இருக்கும் கருவியில் உங்கள் கோப்புகளிலேயே மோசமான ஒன்றைத் திறந்து பாருங்கள்; 200 எம்பி தாண்டும் ஸ்கேன் கோப்பில் பக்கம் திருப்ப எத்தனை நொடி ஆகிறது, பேனா இழுத்த கோடு விரலுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி வருகிறது, எழுதிய குறிப்போடு சேர்த்துப் பிடிஎஃபாகவே வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். சில கருவிகள் குறிப்புகளைத் தங்கள் சொந்த வடிவத்தில் பூட்டி வைத்துக்கொள்ளும், ஆய்வேடு எழுத உட்காரும்போதுதான் அது தெரியவரும். உங்கள் துறை எது, கோப்புகள் பெரும்பாலும் டெமியா ஏ4-ஆ, பட்ஜெட் எவ்வளவு என்று எழுதினால் குறிப்பிட்ட மாடல்களைப் பற்றிப் பேசலாம்.